ஐஸ் பெட்டிக்காகப் பிடுங்கிய பிளக்

பிளக் தரையில்தான் கிடந்தது. ஆனால் மாற்று சர்வர் ஓடிக்கொண்டிருந்தது.

லியோனார்டா அறை நடுவிலேயே நின்றுவிட்டாள். அசுன்சியோன் நகரமே மதியத் தூக்கத்தில் கிடக்கும் நேரம். நாளை விசாரணைக் குழு வருவதற்குள் அந்தப் பிளக்கை யாரும் பார்க்காமல் திரும்பச் செருகிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். கீழே காவலாளி தொன் சிரிலோ ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்திருந்தார்.

"என்னம்மா லேயோ, தூக்கம் வரலையா? இல்ல, ஐஸைப் பாக்காம இருக்க முடியலையா?"

"மூடிட்டுத் தூங்குங்க, தொன் சிரிலோ."

அலுவலகத்தில் அவளுக்கு நல்ல பெயர். இருக்காதா பின்னே? வெள்ள எச்சரிக்கை நிலையத்தில் மின்னஞ்சல் சர்வர்கள் இரண்டு. ஒன்று செத்தால் மற்றது உடனே வேலையை எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் அந்த இரண்டுக்கும் பேட்டரி உண்டு. கோடையில் எல்லோரும் குடிக்கும் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீருக்கு ஐஸ் கரையாமல் இருக்க, புண்ணியவதி மாற்று சர்வரின் பிளக்கைப் பிடுங்கி அங்கே ஐஸ் பெட்டியைச் செருகினாள். எல்லோரும் சில்லென்று உறிஞ்சி, கைராசிக்காரி என்றார்கள்.

அந்த வாரமே முதல் சர்வரின் வன்வட்டு கருகியது. ஆற்றின் மேற்பக்கத்தில் நீர்மட்டம் பார்க்கும் வில்ஃப்ரிதோவுக்கு மின்னஞ்சலைத் தவிர வேறு வழியில்லை. 'கிளம்பு' என்று நிலையம் எழுதும்வரை காவல்குடிசையை விடக் கூடாது என்பது விதி. ஆறு ஏறிய இரவு அவன் எழுதியது எதுவும் வரவில்லை. அவன் விதியை மீறவும் இல்லை.

சர்வர்கள் போனதற்குக் காரணம் மின்னல் என்றாள். நம்பினார்கள். இழவு வீட்டில் அவன் மனைவிக்குக் காப்பி கலந்து கொடுத்தவளும் இவள்தான். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டாள்.

இப்போது அந்த மாற்று சர்வருக்குள்ளிருந்து சூடான உலோக வாடைக்குப் பதில் ஆற்றுச் சேற்றின் வாடை, அழுகிய ஆகாயத்தாமரையின் புளித்த வாடை மெல்ல மெல்லக் கசிந்து, மூடிய சன்னல்களுக்குள் தேங்கிய வெக்கையோடு கலந்து அவள் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திரை தானாக ஒளிர்ந்தது. புது மின்னஞ்சல். வில்ஃப்ரிதோ.

'தண்ணி முழங்கால் வரைக்கும். கிளம்பலாமா?'

ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பேட்டரியை அணைத்தாள். விசிறிச் சத்தம் நிற்கவில்லை.

'இடுப்பு வரைக்கும். பதிலே காணோமே, லேயோ.'

நாற்காலியில் சரிந்தாள். அவளைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. பேசாமல் போய்விடலாம். நாளைக்கு மின்னல் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

'கழுத்து வரைக்கும்.'

விசைப்பலகையை இழுத்து எழுதினாள். 'நான்தான் பிடுங்கினேன். மன்னிச்சிடு. கிளம்பு. உடனே நிலையத்துக்கு வந்துடு.'

போய்ச் சேர்ந்தது.

விசிறி நின்றது. கீழே தொன் சிரிலோவின் குறட்டையும் நின்றது.

நடைவழியில் ஏதோ நிரம்பும் ஓசை. மெதுவாக. சீராக.

கண்ணாடிக் கதவு பழுப்பானது. அடியிலிருந்து. கைப்பிடி வரை. மேல்சட்டம் வரை. இடுக்கில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

திரை மீண்டும் ஒளிர்ந்தது.

'வந்துட்டேன். உள்ளே வரலாமா?'

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், கலங்கிய நீருக்குள், தலைமுடி மேல்நோக்கி மிதக்க, அவன் விறைப்பாக நின்றிருந்தான். வழக்கம்போல, அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு.