மாப்பிள்ளையின் வண்டி

பெட்ரோல் தீர்ந்து நிற்கிற வண்டி இரண்டு முறை இருமிவிட்டுத்தான் நிற்கும். ப்ளக்கில் கரி பிடித்திருந்தால் வெட்டி வெட்டி இழுக்கும். இது எதுவும் செய்யவில்லை. சீராக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், பேசிக்கொண்டிருப்பவன் வாயை யாரோ பொத்தியதுபோல நின்றது.

இருபது வருடமாகச் சத்தத்தைக் கேட்டே பழுது சொல்லும் மெக்கானிக்குக்கு அது பிடிக்கவில்லை.

வண்டி அவர் தங்கையுடையது. மூன்று மாதத்துக்கு முன்பு வரை அவள் கணவனுடையது. வளைவில் லாரிக்கு அடியில் போய்ச் செத்தவனின் வண்டியில் முன்சக்கரத்தையும் விளக்கையும் மாற்றி, அவளே வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். நடுவழியில் நின்றுவிடுகிறது, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று காலையில் விட்டுப் போயிருந்தாள்.

புது ப்ளக் போட்டார். ஐந்து நிமிடம் ஓடி நின்றது. கார்ப்பரேட்டரைக் கழற்றி ஊதினார். மூன்று நிமிடம். டேங்க் மூடியின் காற்றுத் துளையைக் குத்திவிட்டார். ஒரு நிமிடம். ஒவ்வொரு முறையும் இன்ஜின் நின்றதும், தகரக் கூரையில் தூறல் விழும் சத்தத்துக்கு நடுவே, சூடான உலோகம் ஆறும் டிக் டிக்கைத் தாண்டி, மண்ணெண்ணெயும் பழைய ஆயிலும் நாறும் அந்த ஷெட்டுக்குள் வேறொன்றும் கேட்டது. யாரோ மூக்கு அடைத்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல. ஈரமாக.

மாப்பிள்ளை அவரை ஊரறிய "ஸ்பேனர்" என்றுதான் கூப்பிடுவான். பத்துப் பேர் நடுவில் கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பான். கடைசியாகப் பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டியை விட்டபோது, இவனுக்குப் புதுசு ஒரு கேடா என்று தேய்ந்த பிரேக் ஷூவையே உப்புத்தாளில் உரசித் திரும்ப மாட்டினார். புதுசு போட்டாயிற்று என்றார். ஒரு வாரம் ஓட்டி அவதிப்படட்டும் என்றுதான் நினைத்தார். நான்காம் நாள் செய்தி வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.

டேங்க்கைக் கழற்றித் தரையில் வைத்தார். ப்ளக்கைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். இனி இன்றைக்கு வேலை வேண்டாம் என்று தங்கைக்குப் போன் செய்தார். வண்டி இங்கேயே கிடக்கட்டும், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார்.



"வேணாம்ணே. அவர் ஞாபகமா இருக்கறது அது ஒண்ணுதான். உன்னக் கிண்டல் பண்ணுவாரே தவிர, வேற யார் கையிலயும் வண்டியக் குடுக்க மாட்டாரு. அன்னிக்குக் கெளம்பறப்பகூட, உங்கண்ணன் பிரேக்கு போட்டா கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

சரிம்மா என்று போனை வைத்தார்.

பின்னால் கிர்ரென்று ஒரு சத்தம்.

கிக்கர் தானாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மெல்ல. ஒரு கால் மிதிப்பதுபோல. அடிவரை போய்த் துள்ளி மேலே வந்தது. மறுபடி இறங்கியது.

ப்ளக் இல்லை. டேங்க் இல்லை.

மூன்றாம் மிதியில் இன்ஜின் பிடித்தது.

சீரான சத்தம். கொஞ்சமும் பிசிறில்லை. திறந்திருந்த ப்ளக் துளையிலிருந்து அந்த ஈர மூச்சு வெதுவெதுப்பாக வந்து அவர் முழங்கையில் பட்டது. ஓட வேண்டும். கால் வரவில்லை.

சீட் அமுங்கியது. ஸ்பிரிங்குகள் முனகின. ரெக்ஸினில் இரண்டு தொடைகளின் பள்ளம் தெளிவாக விழுந்தது.

பிறகு அந்தப் பள்ளம் முன்னால் நகர்ந்தது. ஒரு சாண். பின்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, நின்றது.

அவர் பக்கம் மடங்கியிருந்த பின் ஃபுட்ரெஸ்ட் தானாக விரிந்தது.