கான்பெராவின் பின்னிருக்கை

இந்தக் காலத்தில் எவனும் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பதில்லை. கேட்டால் நான் தொடவே இல்லை என்று கூசாமல் முகத்தைப் பார்த்துச் சொல்வான். கிழவர் சிரிலுக்கு அதுதான் ஆத்திரம். பழைய கான்பெரா விமானத்தின் பின்னிருக்கையில் நேற்று மாலை தன் கையால் செருகிய பாதுகாப்பு ஊசி இன்றும் வெளியே, கொட்டகைத் தரையில் கிடந்தது. அதில் கட்டியிருந்த சிவப்புத் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நக்கிப் பார்த்தார். உப்பு.

ஆபத்து வந்தால் ஆளோடு சேர்ந்து வெடித்து வானத்தில் பாய்கிற இருக்கை அது. ஊசி இருந்தால் வெடிக்காது. ஊசி இல்லாமல் கைப்பிடியை இழுத்தவன் கொட்டகைக் கூரையில் மோதிச் சாவான். வெடிமருந்தை எப்போதோ எடுத்தாயிற்று என்று விமானக் காட்சிக்கூடத்தார் சொன்னார்கள். சிரில் நம்பவில்லை. அவர் யார் சொன்னதையும் நம்பியதில்லை.

கூட வேலை செய்கிற டென்சில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அதைவிடப் பெரிய கதையாக விடுவான். பிரிட்டன் விமானப்படையின் முதல் ஜெட் குண்டுவீச்சு விமானம் இதுதான் என்று ஆரம்பிப்பான். கண்ணாடிக் குமிழுக்குள் வெளிச்சம் எல்லாம் விமானிக்கு, பின்னால் வழி பார்க்கிறவனுக்கு இருட்டு என்பான். வட கடலுக்கு மேல் தீப்பிடித்தபோது விமானி குதித்துவிட்டான், பின்னால் இருந்தவன் இழுத்து இழுத்துப் பார்த்தான், ஊசியை உருவ மறந்திருந்தார்கள் என்று முடிப்பான். நுழைவுச்சீட்டு விற்கக் கட்டின கதை என்பார் சிரில். கடலில் விழுந்தது எப்படி இந்த லிங்கன்ஷயர் கொட்டகையில் நிற்கும்? பின்பாகத்தை மட்டும் வலை போட்டு எடுத்து வேறொன்றில் ஒட்டினார்கள் என்பான் அவன், சிரிக்காமல்.

“நீதான உருவிப் போடுற?” என்றார் சிரில்.

“எனக்கு வேற வேலையில்ல பாரு. வச்ச எடத்த மறந்துட்டு என்னக் கேக்குற. குடு பெருசு, நானே குத்திட்டு வரேன். நீ போய் டீயப் போடு.”

டென்சில் ஊசியை வாங்கிக்கொண்டு, குனிந்து பக்கக் கதவு வழியாக உள்ளே போனான். சிரில் நகரவில்லை. வெளியே பிப்ரவரிப் பனிமூட்டம் தகரச் சுவரை உரசிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் பூட்ஸ் தேய்கிற சத்தமும் முனகலும் கேட்டன. பிறகு ஒரு வார்ப்பட்டை பூட்டுகிற சத்தம். கூடவே வெடிமருந்து எரிந்த புளித்த நாற்றம். எஞ்சினைக் கிளப்ப அந்தக் காலத்தில் தோட்டா வெடிப்பார்கள், அதே நாற்றம். இந்த விமானத்தில் எஞ்சினே கிடையாது. இறக்கை ஓட்டைகளில் சாக்குதான் அடைத்திருந்தது.

“சிரில்,” டென்சிலின் குரல் தணிந்திருந்தது. “இங்க ஒருத்தர் ஒக்காந்திருக்காருய்யா.”

நன்றாகத்தான் நடிக்கிறான்.

பிறகு சத்தமில்லை.

கதவிடுக்கின் இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. விரல்களில் ஊசி, சிவப்புத் துணி தொங்கியது. உள்ளே ஆள் பூட்டிக்கொண்டாயிற்று, உருவியாயிற்று என்று தரையில் நிற்பவனுக்குக் காட்டுகிற பழைய வழக்கம். பார்த்தவன் கட்டைவிரலைத் தூக்குவான், கதவைச் சாத்துவான். வாலிபத்தில் இதே விமான மைதானத்தில் சிரில் பார்த்த வேலை அது. யோசிக்கவில்லை. கட்டைவிரல் தானாக உயர்ந்தது. கதவைச் சாத்தித் தாழை முறுக்கினார்.

முறுக்கிய பிறகுதான் பட்டது.

அது கையுறை போட்ட கை. ஈரக் கையுறை.

டென்சில் கையுறை இல்லாமல் போனவன்.

தாழைத் திருகினார். அசையவில்லை. பனியில் ஊறிய தாழ் கையைச் சுட்டது.

பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்தார். டென்சில் உட்கார்ந்திருந்தான். மூச்சுமூடியால் பாதி முகம் மறைந்திருந்தது. மார்பில் வார்கள். அவன் கண்கள் மட்டும் சிரிலைப் பார்த்தன, பிறகு தன் தோளைப் பார்த்தன, மறுபடி சிரிலை. தோளுக்குப் பின்னாலிருந்து கையுறை விரல்கள், நிதானமாக, வாரை இன்னும் ஒரு பிடி இறுக்கின. மூச்சுமூடிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

“போதும்டா,” என்றார் சிரில். “எறங்கி வா. சும்மா பயமுறுத்தாத.”

உள்ளிருந்து உலோகத்தைத் தட்டினான். மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை.

பஸ் ஓட்டினவனுக்கு இத்தனை நடிப்பா? சிரில் கொட்டகையை விட்டு இறங்கிப் பனிமூட்டத்துக்குள் நடந்தார். சோளக்கொல்லைப் பொம்மைக்குப் பயப்படுகிற ஆள் இல்லை அவர். எவனை நம்பச் சொல்கிறான் இவன்? பின்னால் தட்டல் ஓடுபாதை வரைக்கும் கேட்டது. அவர் திரும்பவில்லை.