மூடிக்குள் எட்டாவது தேதி

சாவி இல்லாத கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவின் பாக்கெட் வாட்ச். சாவி கொடுத்தால்தான் ஓடும் பழைய ரகம். சாவி தொலைந்து பல வருஷமாகிறது.

"பெரியப்பா போயே ஆறு மாசம் ஆச்சு. யாருடா இதுக்குச் சாவி கொடுத்தது?"

"பைக்ல வந்த குலுக்கல்ல ஓடுதோ என்னவோ." தம்பி ஹெல்மெட்டை மாட்டினான். "எந்த வருஷத்துதுன்னு மட்டும் கண்டுபிடிச்சு வை அக்கா. பழசைப் பத்தி உனக்குத் தெரியாததா? நீயே பழசுதானே!"

"போடா. மழை வருது, பார்த்துப் போ."

"பெட்ரோல் போட்டுட்டு பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. ரிப்பேர் கடையில் எண்ணெய் வாடையும், தகரக் கூரையில் மழை தாளம் போடும் ஓசையும், சுவரெங்கும் பேட்டரி கழற்றிய கடிகாரங்களின் ஊமை முகங்களுமாக அவள் தனியாக இருந்தாள். அத்தனை மௌனத்திலும் அந்த ஒன்று மட்டும் டிக், டிக் என்றது.

லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தாள். இயந்திரத் தகட்டில் பொறித்திருந்த எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டாள். நூற்று நாற்பது வயது. மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய ஏழு தேதிகள். அதில் அதிசயம் இல்லை. கடிகாரத்தைத் திறக்கிற ரிப்பேர்காரர் அன்றைய தேதியை உள்ளே கீறி வைப்பது தொழில் வழக்கம். இருபது வருஷப் பழக்கத்தில் அவள் கை தானாகவே ஊசியை எடுத்தது. எட்டாவதாக இன்றைய தேதி. அதில் வரும் 7 என்ற எண்ணின் நடுவே, அவள் எப்போதும் போடும் ஒரு குறுக்குக்கோடு.

பிறகுதான் மற்றவற்றைப் படித்தாள்.

ஏழாவது, பெரியப்பா செத்த நாள். அன்று காலையில்தான் இதை எங்கேயோ ரிப்பேர் பார்த்து வாங்கி வந்திருந்தார். ஆறாவது, அப்பா. ஐந்தாவது, அத்தை.

நான்காவதைப் படிக்கத் துணிவில்லை.

குடும்பத்தில் இனி மிச்சம் இரண்டு பேர். அவள் நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தாள். அவன் ஈர ரோட்டில்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.

உப்புத்தாளை எடுத்தாள். தேய்த்தாள். விரல்நுனி எரிந்தது. தேய்த்தாள். எட்டாவது தேதி மங்கியது. மறைந்தது. மூடி வழவழப்பானது.

கடிகாரம் நின்றது.

வாசலில் பைக் சத்தம்.

"பதினாறு மிஸ்டு கால்! கடை தீப்பிடிச்சிருச்சோன்னு அலறியடிச்சு வரேன்." சொட்டச் சொட்ட நனைந்து வந்தவன், அவளுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான்.

அழுகையும் சிரிப்புமாகத் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

டிக்.

மேஜையைப் பார்த்தாள். வாட்ச் நின்றுதான் இருந்தது.

டிக். டிக்.

ஈரச் சட்டைக்குள்ளிருந்து.

காலரை மெல்ல இறக்கினாள். பிடரியில் மெல்லிய கீறல்கள். புதுசு. ரத்தம் துளிர்த்திருந்தது. இன்றைய தேதி. 7-க்கு நடுவே அவள் போடும் அதே குறுக்குக்கோடு.

"வருஷம் தெரிஞ்சுதாக்கா?" அவன் திரும்பாமல் கேட்டான்.

தேதிக்குக் கீழே தோலின் ஓரம் ஒரு மூடியைப் போல லேசாகத் தூக்கி நின்றது. உள்ளே, பித்தளை மஞ்சளாக, பல் பல்லாக ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது.