ஏழாம் குழியின் தொடாப் பதிப்பு

கட்டைவிரலை வைத்தால் நான்கு நிமிடத்தில் புத்தகம் கைக்கு வந்துவிடும். சென்னைப் புத்தகச் சந்தையின் எல்லாக் கடைகளிலும் அன்று புத்தகம் அச்சிடும் உகப்பி இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. நிலைக்கதவு பதிப்பகத்தின் கடையில் மட்டும் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மேலே ஒரு பலகையில் விற்ற பிரதிகளின் எண் ஓடியது: ஏழாம் குழி, 4,11,206. அந்த நாவலை எழுதிய ரெஜினா நிமிர்ந்து பார்ப்பதற்குள் மூன்று கூடியது.

பதினொரு வருடத்துக்கு முன் இதே நாவல் முந்நூறு பிரதிதான் அச்சானது. அதிலும் நூற்றுப் பத்து பிரதி பதிப்பாளர் பூவராகன் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்து கரையான் தின்றது. இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டு ரெஜினாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஐந்து மணிக்குப் பாராட்டு விழா. ஏற்புரைக்காகப் புதுச் சேலைகூட எடுத்திருந்தாள்.

அப்போதுதான் வரிசையை முண்டிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள்.

"மேடம், ஒரு பஞ்சாயத்து. நீங்கதான் தீர்த்து வைக்கணும்" என்றார் முன்னால் வந்தவர். "என் பேரு சூசை. திண்டுக்கல்ல லாரி ஆபீஸ் வச்சிருக்கேன். இவரு என் மச்சான் பாக்கியநாதன், தோல்ஷாப்புல சூப்பர்வைசர். ரயில்ல வரும்போது பை மாறிப்போச்சு. நான் இவரு புத்தகத்தைப் படிச்சிட்டேன், இவரு என்னுதைப் படிச்சிட்டாரு."

"அதுல என்ன பஞ்சாயத்து?"

"அமலன் பொழைச்சானா, செத்தானா? அதைச் சொல்லுங்க முதல்ல. என் புத்தகத்துல அவனைக் குழியிலேருந்து தூக்கிடுறாங்க. அப்புறம் சைக்கிள் கடை வைக்கிறான். இவரு புத்தகத்துல செத்துப்போறான்."

"மாமா சும்மா கத்துறாரு மேடம். அவன்தான் குடிச்சிட்டு இறங்கினான்னு தெளிவா போட்டிருக்கே. பின்ன சாகாம என்ன செய்வான்?" என்றார் பாக்கியநாதன்.

ரெஜினாவின் பேனா நின்றது. "குடிச்சிட்டா? எங்கே போட்டிருக்கு?"

பாக்கியநாதன் பதினேழாம் அத்தியாயத்தைப் பிரித்துக் காட்டினார். போட்டுத்தான் இருந்தது. அவளுடைய நடையில், அவளுக்கே உரிய சின்னச் சின்ன வாக்கியங்களில், சாராய வாடையோடு அமலன் ஏழாம் குழிக்குள் இறங்கினான்.

அமலன் கற்பனை ஆள் இல்லை, அவளுடைய தம்பி. தோல்ஷாப் என்று சொல்லப்படும் தோல் பதனிடும் ஆலையில் கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய இறக்கிவிட்டார்கள். விஷவாயு தாக்கிச் செத்தான். குடித்துவிட்டு இறங்கினான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார், காவல் நிலையத்தில் அதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார்கள். அந்தோணியார் திருவிழாவில்கூட ஒரு சொட்டு தொடாத பிள்ளை. அவன் குடிக்கவில்லை என்பதை உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் சொன்னது, இந்த நாவல். இதைச் சொல்லத்தான் அவள் எழுத்தாளரே ஆனாள்.

இரண்டு பிரதிகளையும் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

உகப்பி எப்படி வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைபேசியில் எதைப் படித்தாலும் அவருடைய கண் எங்கே தயங்கியது, எங்கே தாவியது, எந்த வரியில் மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார் என்பதெல்லாம் பதிவாகிவிடும். கட்டைவிரல் பட்டதும் உகப்பி அந்தப் பதிவைப் பார்த்து, அவருக்கு உகந்தபடி புத்தகத்தை அச்சிடும். கடினமான சொல்லை எளிதாக்கும், நீண்ட வர்ணனையை வெட்டும் என்றுதான் ரெஜினாவிடம் சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் 'வாசகர் வசதிக்கான சிறு திருத்தங்கள்' என்று ஒரு வரி இருந்தது. சிறு திருத்தம்தானே என்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

கடைக்குப் பின்னால் தட்டி மறைத்த அறையில் பூவராகன் போண்டா தின்றுகொண்டிருந்தார். இரண்டு புத்தகங்களும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தன.

"என் தம்பியைக் குடிகாரன் ஆக்கிட்டீங்களேய்யா! போலீஸ் எழுதின பொய்யை நீங்க என் பேரைப் போட்டு விக்கிறீங்களா?"

பூவராகன் பக்கத்தைப் படித்துப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "இது யாரு பிரதி? தோல்ஷாப் சூப்பர்வைசரா? சரிதான். அவருக்கு வேற மாதிரி குடுத்திருந்தா இருபதாவது பக்கத்துலயே மூடியிருப்பாரு மேடம். இன்னொருத்தருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகியிருக்கும். சாவு வந்தா தாண்டிப் போயிடுவாரு. அதனால பொழைக்க வச்சிருக்கு."

"இதுக்குப் பேரு சிறு திருத்தமா?"

"மேடம், கொஞ்சம் உக்காருங்க. ஒரு பிரதியை வாங்கி ஒன்பது பேர் படிச்ச ஊரு இது. இரவல் வாங்கினவன் திருப்பியும் தரமாட்டான், சொந்தமா வாங்கவும் மாட்டான். நம்ம புத்தகமெல்லாம் முந்நூறைத் தாண்டாததுக்கு அதான் காரணம். இப்ப எவனாவது இரவல் கேக்குறானா? அடுத்தவன் பிரதி நமக்கு ஒட்டாது. வீட்டுல நாலு பேருன்னா நாலு பிரதி. எழுத்தாளர் மாறணும், வாசகர் மாறணும்னு நூறு வருஷமா கத்துனாங்க. ரெண்டு பேரும் அப்படியே இருக்கட்டும், புத்தகம் மாறிக்கட்டும்னேன். நாலு லட்சம் போச்சு."

"நாலு லட்சம் பேருல ஒருத்தன்கூட என் புத்தகத்தைப் படிக்கலையேய்யா!"

"எல்லாரும் படிச்சு முடிச்சாங்க மேடம். அழுதாங்க. லெட்டர் போட்டாங்க. வேறென்ன வேணும் ஒரு எழுத்தாளருக்கு?"

ரெஜினாவுக்கு அந்த போண்டாத் தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. "அஞ்சு மணிக்கு மேடையில எல்லாத்தையும் சொல்லப் போறேன். பதினேழாம் அத்தியாயத்தை மூலத்துல உள்ளபடி படிக்கப் போறேன்."

பூவராகனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வியாபாரம் தெரிந்தவர்கள் கண்ணில் வரும் வெளிச்சம். "தாராளமா படிங்க. 'தொடாப் பதிப்பு'ன்னு அதையே போட்டுடுவோம். உகப்பி கையே வைக்காது, சத்தியம். ஆனா மூலம் எங்கே இருக்கு? நம்ம கோப்புமேலயே உகப்பி எழுதி எழுதி அது இப்ப மூலமா இல்லை."

"வீட்டுல என் பிரதி இருக்கு. பத்துப் பிரதி குடுத்தீங்களே."

"அதுவும் நீங்க விரல் வச்சு எடுத்ததுதானே மேடம்?"

ஆமாம், விரல் வைத்துத்தான் எடுத்திருந்தாள். கையால் எழுதிய நோட்டுகளும் பழைய பதிப்பும் வெள்ளத்தில் போய்விட்டன. உகப்பிப் பதிப்பு வந்த மூன்று வருடமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் வாசித்ததெல்லாம் அந்தப் பத்தில் ஒன்றைத்தான். எனக்கு எதை மாற்றியிருக்கும்? நான் எழுதியது எனக்குத் தெரியாதா? இப்படி நினைத்துக்கொண்டாலும் அதை நம்பி மேடையேற அவளுக்கு மனம் வரவில்லை. உகப்பி வருவதற்கு முந்தைய பிரதி வேண்டும். முந்நூறில் ஒன்று.

சந்தை வாசலுக்கு வெளியே நடைபாதையில் தாவூத் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்றுக்கொண்டிருந்தான். விற்றுக்கொண்டிருந்தான் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அடுத்தவருக்கென்று அச்சான புத்தகத்தை இப்போது யாரும் தொடுவதில்லை. உகப்பிக்கு முந்தைய புத்தகங்களையோ பழைய செருப்பைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"பாய், ஏழாம் குழி முதல் பதிப்பு இருக்கா? பச்சை அட்டை. இப்ப மேடையில பேசும்போது படிக்கணும்."

"வா யக்கா. உன்னுது இல்லாமலா?" அடுக்கின் அடியிலிருந்து உருவினான். "நாலு வாட்டி பட்ச்சுட்டேன். எவனும் வாங்கலன்னா நானே பட்ச்சுக்க வேண்டியதுதான். ஆனா குடுக்க மாட்டேன், இரவல்தான். பேசி முட்ச்சதும் என் கைக்கு வந்துடணும்."

முதல் பக்கத்தில், 'இப்புத்தகம் செ. மரியதாஸுக்குச் சொந்தம். இரவல் தரப்படாது' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வெவ்வேறு மையில் ஐந்து பேருடைய பெயர்கள் இருந்தன. ரெஜினா அந்தப் பெயர்களை விரலால் எண்ணினாள். தாவூத்தைச் சேர்க்காமலே ஒரே புத்தகத்தை ஆறு பேர் படித்திருக்கிறார்கள். நாலு லட்சத்தைவிட இந்த ஆறுதான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மணி ஐந்தாகிவிட்டது. பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் மேடைக்கு ஓடினாள். தாவூத் கடையைப் பக்கத்துச் சுண்டல்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் சூசையும் பாக்கியநாதனும் இன்னும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். மாலை போட வந்தவரை ரெஜினா கையால் தள்ளிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"நாலு லட்சம் பேரு வாங்கியிருக்கீங்க. ஒருத்தரும் என் புத்தகத்தைப் படிக்கலை. உங்க மூஞ்சியை நீங்களே கண்ணாடியில பாத்துட்டு, ஆகா என்ன எழுத்துன்னு எனக்கு லெட்டர் போட்டிருக்கீங்க. வெக்கமா இல்லையா? செத்தவனைப் பொழைக்க வச்சுப் படிக்கிறீங்க. குடிக்காதவனைக் குடிக்க வச்சுப் படிக்கிறீங்க. உங்களுக்குப் பிடிக்காததைப் படிக்கத்தான்யா புத்தகம்! உங்களைக் குத்துற வரியை எடுத்துட்டா அதுல மிச்சம் என்ன இருக்கு? இப்ப படிக்கிறேன், உக்காந்து கேளுங்க. ஒரு எழுத்துகூட மாத்தாம படிக்கிறேன்."

பாக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டார். ரெஜினா பச்சை அட்டையைப் பிரித்து, பதினேழாம் அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். விடிகாலை. அடுப்படி. தம்பி சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே பேசுகிறான்.

இரண்டாவது பத்தியில் அவள் கண் நின்றது.

'அக்கா, நேத்தே அந்தக் குழியில ஒரு மாதிரி வாடை அடிச்சுது. இன்னிக்கு லீவு போட்டுடவா?' என்றான் அமலன். 'லீவு போட்டா உலை எப்படிக் கொதிக்கும்? போய்த் தொலைடா' என்றாள் அக்கா.

எழுத்து கறுப்பாக, தெளிவாக இருந்தது. அவள்தான் எழுதியிருந்தாள். அதை எழுதிய அன்று சாப்பிடாமல் கிடந்ததுகூட இப்போது நினைவுக்கு வந்தது. வீட்டிலிருக்கும் பிரதிகளில் அமலன் விசிலடித்துக்கொண்டு தானாகத்தான் சைக்கிளை எடுத்தான். மூன்று வருடமாக அதையே வாசித்து வாசித்து, நடந்ததே அதுதான் என்று அவள் நம்பியிருந்தாள். அவளுடைய கண் எந்த வரியில் தயங்கும் என்று உகப்பிக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாயிரம் பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அமலன் விசிலடித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தான்" என்று வாசித்தாள் ரெஜினா.

அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. குழி, வாயு, கயிறு இல்லாமல் இறக்கியது, முதலாளியின் பொய் எல்லாவற்றையும் உள்ளபடி படித்தாள். முடித்தபோது சூசை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். பாக்கியநாதன் எழுந்து நின்று கும்பிட்டார். கைத்தட்டல் ஓயவே இல்லை.

கீழே இறங்கியதும் பூவராகன் ஓடிவந்தார். "மேடம், பிரமாதம்! நீங்க படிச்சதை அப்படியே பதிவு பண்ணிட்டோம். இப்பவே தொடாப் பதிப்பு ஏத்துறோம். உலகத்துல யாரு வாங்கினாலும் ஒரே புத்தகம். அந்தப் பழைய பிரதியைக் குடுங்க, ஒருவாட்டி ஒத்துப் பாத்துக்கிறோம்."

"அது எதுக்கு?" என்றாள் ரெஜினா. தன் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நான் படிச்சதுதான் மூலம்."

பூவராகன் தலையாட்டிவிட்டுப் போனார். தாவூத் மட்டும் நகராமல் நின்றான்.

"யக்கா, நல்லாத்தான் பேசுன. ஆனா அந்த அக்கா சொல்ற ஒரு பேச்சை மட்டும் உட்டுட்டியே. எனக்கு அந்தக் கதையில அதான் உசுரு. என் தம்பிய நானும் ஒருநாள் அப்டித்தான் வைதேன்."

"உனக்கு என்னய்யா தெரியும்?" என்று கத்தினாள். "எழுதினவ நான். எதைப் படிக்கணும், எதை விடணும்னு எனக்குத் தெரியாதா? நடைபாதையில உக்காந்து பழைய பேப்பர் விக்கிறவன் எனக்குப் பாடம் எடுக்குறியா?"

சுற்றிலும் திரும்பிப் பார்த்தார்கள். தாவூத் கோபப்படவில்லை. கையை மட்டும் நீட்டினான். "சரி யக்கா. பொஸ்தகத்தைக் குடு. இரவல்னு சொல்லித்தானே வாங்குன."

ரெஜினா அந்தப் பச்சைப் புத்தகத்தைக் கைப்பைக்குள் திணித்து மூடியை இழுத்து மூடினாள். யார்மேல் என்று தெரியாத ஆத்திரத்தோடு வாசலைப் பார்த்து நடந்தாள். கடைப் பலகையில் பழைய எண்ணை அணைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றினார்கள்: ஏழாம் குழி, தொடாப் பதிப்பு.

பூவராகன் ஒருமுறையாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் மாலைக்குள் அறுபதாயிரம் பிரதி போயிற்று, ஒன்றுக்கொன்று ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. அமலன் குடிக்கவில்லை என்று அறுபதாயிரம் பேருக்கும் தெரிந்தது. அவன் அன்று காலை விசிலடித்துக்கொண்டு தானாகவே வேலைக்குப் போனான் என்றும் தெரிந்தது.