வளைவில் கிடந்த மரக்கட்டை

மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. சிட்டு தன் சித்தப்பாவின் முதுகை ஒட்டியே நடந்தாள். காது மட்டும் எந்தச் சத்தம் வருமோ என்று விடைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பாதையில் நடப்பவர்களும் வருவார்கள், சைக்கிள்காரர்களும் வருவார்கள். போன வாரம் ஒரு சைக்கிள் சத்தமில்லாமல் வந்து உரசியதில், சித்தப்பா முட்புதரில் விழுந்துவிட்டார். முழங்கையில் இன்னும் கட்டு. ஓட்டியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வளைவைத் தாண்டியதும் சித்தப்பா நின்றார். ஓரத்தில் கிடந்த மரக்கட்டையை இழுத்துப் பாதையின் குறுக்கே போட்டார்.

சிட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் சித்தப்பா. யாராவது விழுந்துட்டா?"

"ஏன் விழணும்? இறங்கித் தள்ளிட்டுப் போகட்டும். புதர்ல இருந்த முள்ளெல்லாம் இப்ப என் உடம்புலதான் இருக்கு!"

வேறு நாளாக இருந்தால் சிட்டு சிரித்திருப்பாள்.

"இந்தப் பனியில கட்டை எப்படித் தெரியும்?"

சித்தப்பா கட்டையைக் காலால் அழுத்திப் பார்த்தார். பாதைக்கு ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம். அதன் அடியே தெரியவில்லை.

மேலே சரளைக்கல் நொறுங்கியது. சர்ர்ர்... சக்கரங்கள்!

"ஐயோ! எடுங்க சித்தப்பா!"

அவர் பதறிப்போய்க் குனிந்து இழுத்தார். கட்டை இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது.

சிட்டு ஓடினாள். வளைவைச் சுற்றி, சத்தம் வந்த பக்கமே மேலே ஓடினாள். கத்திப் பார்த்தாள். சக்கரச் சத்தத்தில் அது எடுபடவில்லை. சட்டென்று தன் சிவப்பு மழைக்கோட்டைக் கழற்றி, நடுப்பாதையில் நின்று வீசினாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கிரீச்!

கண்ணைத் திறந்தால், செருப்பை ஒட்டி ஒரு டயர்.

"ஏய் பாப்பா! நடுவழியிலயா நிப்பாங்க?" என்றாள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண்.

"வளைவுல... கட்டை..."

பின்னாலேயே ஒரு குட்டி சைக்கிள் ஆடி ஆடி வந்து நின்றது. அதில் முன்பல் விழுந்த ஒரு சிறுவன். "அம்மா, ஏன் நின்னுட்டோம்?"

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மூவரும் வளைவுக்கு வந்தார்கள். சிறுவனைப் பார்த்ததும் சித்தப்பாவின் முகம் வெளிறிப்போனது.

"நான்தான் போட்டேன். போன வாரம் ஒருத்தன் தள்ளிவிட்டுட்டுப் போயிட்டான். அந்தக் கோபத்துல... தப்புதாம்மா."

அந்தப் பெண் பள்ளத்தைப் பார்த்தாள். மகனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

சிட்டு முன்னால் வந்தாள். "அக்கா, தூரத்துலயே பெல் அடிச்சிடுங்க. நாங்க பாறைப் பக்கம் ஒதுங்கிக்கறோம். நீங்க மெதுவா போங்க. எல்லாரும் அப்படி வந்தா எங்களுக்குப் பயமா இருக்காது."

"எங்க சைக்கிள் கூட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்றேன்," என்றாள் அவள்.

"என் பெல் பயங்கரமா கத்தும்!" என்று சிறுவன் அடித்துக் காட்டினான்.

"போதும்டா, மலையே முழிச்சிக்கும்!" என்றாள் அவன் அம்மா.

நால்வரும் சேர்ந்து கட்டையைப் புரட்டி ஓரமாகத் தள்ளினார்கள்.

சைக்கிள்கள் கிளம்பின. கிணிங் கிணிங்! சித்தப்பா வயிற்றை எக்கிக்கொண்டு பல்லியைப்போல் பாறையோடு ஒட்டிக்கொண்டார். "போங்க ராஜா, பார்த்துப் போங்க!"

சிட்டு அவர் கையைப் பிடித்தாள். மணிச்சத்தம் பத்திரமாகக் கீழே இறங்கி மறையும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.