பன்னிரண்டு பார்வைக்கு எட்டு ரவுண்டு

மோதிய பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

காலை ஆறேகால். ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் மழை விட்டும் மரங்கள் விடவில்லை. மூங்கில் வளைவில் அந்தப் பக்கத்திலிருந்து அவன்... இந்தப் பக்கத்திலிருந்து ஜோவிதா ஓடிவர... அவனுடைய மூக்குக்கண்ணாடி தெறித்துச் சேற்றில் விழுந்தது. எடுக்கக் குனிந்ததில் இருவர் தலையும் முட்டிக்கொண்டன. ஒரு நாளைக்கு ஒரு மோதல் போதாதா, சொல்லுங்கள்.

"மேடம், இங்க எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் சுத்துவாங்க. போர்டு இருக்கு."

"போர்டு தெரியுது. எதிர்ல வர்ற ஆளு மட்டும் தெரியலயா?"

"கண்ணாடியில மழைத்தண்ணி..."

"அப்ப தப்பு மழையோடது. என்னோடது இல்ல."

அவன் பனியனில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தான். பெரிய, சாதுவான கண்கள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு யாரிடம் சண்டை போட முடியும் என்று ஜோவிதாவுக்குத் தோன்றியது. தோன்றியதை முகத்தில் காட்டிக்கொள்ள அவள் என்ன பைத்தியமா?

காவலாளி கோவிந்தப்பா தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். "மேடம், ஈ கடெ அல்ல, ஆ கடெ." இந்தப் பக்கமில்லை, அந்தப் பக்கம் என்று தினமும் கன்னடத்தில் சொல்வார். தினமும் அவள் தலையாட்டிவிட்டு ஈ கடெயே ஓடுவாள். எல்லோரோடும் ஒரே பக்கம் ஓடினால் பின்னால் வருகிறவனுக்கு அவள் மூச்சு வாங்குவது கேட்குமே. எதிரே ஓடினால் யாரும் ஒரு நொடிக்கு மேல் அவள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

ஆனால் அதில் ஒரு வம்பு இருந்தது. எதிரும் புதிருமாக ஓடுகிற இரண்டு பேர் திரும்பத் திரும்பச் சந்தித்துத்தானே ஆகவேண்டும்? மறுநாள் கொன்றை மரத்தடியில் எதிர்ப்பட்டவன், "பேரு?" என்றான். ஓடியே போய்விட்டான். அவள் பதில் சொல்ல அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"ஜோவிதா."

அடுத்த தடவை, "நான் அமல். ரயில்வேல சிக்னல் வேலை."

அடுத்த தடவை, "அதான் பச்சை சிவப்பு தெரியாம மோதினீங்களா?"

அவன் சிரித்த சிரிப்பு அடுத்த வளைவு வரை கேட்டது.

இப்படித் தவணை முறையில் ஒரு பேச்சு. ஒரு சந்திப்புக்கு ஒரு வாக்கியம். அவன் அம்மா ஒக்கலிபுரத்தில் இருக்கிறார், இவன் வேலைக்காக இங்கே மாடி அறையில் இருக்கிறான் என்பது தெரியவே ஒரு வாரம் ஆயிற்று. அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர் என்று அவனுக்குத் தெரிய இன்னும் இரண்டு நாள்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை... ஏன் ஓடுகிறாள் என்பதை.

போன வருடம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே நெஞ்சு படபடவென்று அடித்து, கை சில்லிட்டு, மூச்சு அடைத்தது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்துவிட்டாள். இதயத்தில் ஒன்றுமில்லை, இது பயம், இதுவும் ஒரு நோய்தான் என்றார் டாக்டர் ராஜலக்ஷ்மி. "மாத்திரை பாதி வேல பாக்கும். மீதிய உன் காலு பாக்கட்டும்." அப்போது ஒரு சம்பந்தம் நிச்சயம் வரை வந்திருந்தது. மாத்திரை விஷயம் காதுக்குப் போனதும் மாப்பிள்ளை வீட்டார், நரம்பு சரியில்லாத பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தை அவளுக்கு இன்னும் வலித்தது.

கால்கள் என்னவோ சொன்ன வேலையைப் பார்த்தன. முதலில் நூறு அடிக்கு நாக்குத் தள்ளியவள் இப்போது நிற்காமல் ஓடினாள். படுத்தால் தூக்கம் வந்தது. காலையில் பசித்தது. பள்ளியின் மூன்றாவது மாடிக்கு நின்று நின்று ஏறாமல் ஏறினாள். "மிஸ் இப்பல்லாம் கத்தறதேயில்ல," என்று பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

அந்த நல்ல நேரத்தில்தான் அமல் கொன்றை மரத்தடியில் கேட்டான்: "அம்மாவ கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

கேட்டுவிட்டு ஓடிப்போனான். பதில் சொல்ல அவளுக்கு அரை ரவுண்டு இருந்தது. மனசு துள்ளிக் குதித்தது உண்மை. ஆனால்... விஷயம் தெரிந்தால் இவனும்தானே போவான்? இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு தடவை அந்த வார்த்தையா? அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் நாமே போய்விடுவோம். பக்கத்து கேட் வழியாக வெளியேறியவள் ஒன்பது நாள் பூங்கா பக்கமே போகவில்லை.

தூக்கம் மறுபடி மக்கர் செய்தது. சாப்பாடு இறங்கவில்லை. பத்தாம் நாள் காலை அம்மா பிரிஜெட் ஷூவைக் கொண்டுவந்து கட்டிலடியில் போட்டாள்.

"போய் ஓடிட்டு வாடி. இல்லன்னா அந்தப் பையன்கிட்ட நேரா பேசிட்டு வா. வீட்டுக்குள்ள உன் மூஞ்சிய பாக்க முடியல."

"எந்தப் பையன்?"

"நல்லா கேட்ட போ. பூங்காவுல நடக்கற பாதி பேரு நம்ம சர்ச் பங்குக்காரங்கதான்."

ஜோவிதா ஓடினாள். அவன் எதிரே வந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அது வாடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"நான் மாத்திரை சாப்பிடறேன்."

ஓட்டம். அடுத்த சந்திப்பு.

"பயத்துக்கு. ஒரு வருஷமா."

ஓட்டம். கண் கலங்கிப் பாதை மங்கியது.

"அதனால ஒரு சம்பந்தம் நின்னுபோச்சு."

சொல்லியாயிற்று. இனி அவன் கேட் வழியாகப் போனாலும் போகட்டும் என்று நினைத்தாள். பொய். போகக்கூடாதே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே மூங்கில் வளைவைக் கடந்தாள்.

அவன் ஓடவில்லை. பாதை நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"இதுக்கா ஒம்போது நாளு? உங்களுக்கு என்னைப் பிடிக்கலயோன்னு நான் நொந்து போயிட்டேன். நீங்க இல்லாம எனக்கு கணக்கே வரல, ஜோவிதா."

"என்ன கணக்கு?"

"ரவுண்டு கணக்கு. உங்கள மூணு தடவ பாத்தா ரெண்டு ரவுண்டு. பன்னெண்டு தடவ பாத்தா எட்டு. அப்படித்தான் எண்ணுவேன். நீங்க வராத அன்னைக்கு கடிகாரத்த வெச்சு எட்டு ஓடினா... உயிரே போச்சு. அப்பதான் புரிஞ்சுது, கொஞ்ச நாளா நான் ஓடினது ஆறுதான்."

"ஏன்?"

"நீங்க வேகமாயிட்டீங்க. ஒரு ரவுண்டுக்கே ரெண்டு தடவ எதிர்ல வந்துட்டீங்க. நான் பன்னெண்டு எண்ணி முடிச்சிட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போயிட்டிருந்தேன்."

ஜோவிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தான் தேறியதை டாக்டருக்கும் முந்தி இவன் கணக்கல்லவா சொல்லியிருக்கிறது. இருந்தும் அவள் விடவில்லை.

"முதல்ல உங்கம்மாகிட்ட மாத்திரைய பத்தி சொல்லுங்க. அப்புறமும் வரேன்னு சொன்னா வரட்டும்."

அவன் அங்கேயே செல்போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. ஜோவிதா துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"ஏன்டா," என்றார் அம்மா கடைசியில், "மாத்திரைய வெறும் வயித்துல போடறாளா? சாப்பிட்டுத்தான் போடணும்னு சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு நான் வந்து பாக்கறேன்."

"சாப்பிட்டுத்தான் போடறேன் ஆன்ட்டி," என்றாள் ஜோவிதா.

போன் வைக்கப்பட்டது. அமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். தடதடவென்று அடித்தது... பழைய அடிதான், அதே வேகம்தான்.

"இங்க அடிச்சிக்குது, அமல். ஆனா பயமா இல்ல." அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "உங்கள அவ்வளவு பிடிச்சிருக்கு எனக்கு."