காலி சீட்டுக்கு பெல்ட்

காரின் கண்ணாடிகள் உள்பக்கமாக வியர்த்திருந்தன. வீட்டுக் கூரை, வேலிக்கம்பி, பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள டாரிலின் பழைய யூட் வண்டி எல்லாவற்றின் மேலும் உறைபனி உப்பாய்ப் படிந்து கிடக்க, அந்த வெள்ளைக் குட்டிக் காரின் மேல் மட்டும் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ப்ரான்வின் கையில் தேநீரோடு அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்தாள். ராத்திரி பூரா உள்ளே யாராவது படுத்து மூச்சுவிட்டால்தான் கண்ணாடி அப்படி மூடும்.

"கதவு ரப்பர் போயிருக்கும். தண்ணி உள்ள இறங்கி கார்ப்பெட் ஊறியிருக்கு, அவ்ளோதான்," என்றான் அவள் கணவன் டாரில். "உன் சோப்பு டப்பாவுக்கு வயசாவுதுடி."

ஆண்களுக்கு எதற்கும் ஒரு ரப்பர் கிடைத்துவிடுகிறது. முந்தின நாள் சாயங்காலம் நடந்ததை அவள் அவனிடம் முழுதாகச் சொல்லவில்லை.

நியூ நார்ஃபோக்கில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. வீடு ஹாமில்டனுக்கு அப்பால். குளிர்காலத்தில் டாஸ்மேனியாவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், இருட்டினால் கங்காருவின் சின்ன இனமான வாலபிகள் சாலைக்கு வந்துவிடும். அடிபட்டுக் கிடப்பவற்றை அங்கே யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் கிடப்பது பொட்டையா என்று பார்க்காமல், அதன் வயிற்றுப் பைக்குள் கைவிட்டு, குட்டி உயிரோடு இருக்கிறதா என்று தடவாமல் போகிறவரை அந்தப் பக்கத்தில் யாரும் மனிதராகவே மதிப்பதில்லை. ப்ரான்வின் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆகவே, பைன் மரங்கள் நிற்கும் வளைவில் ஒரு உடல் கிடப்பதைப் பார்த்ததும், மழையைத் திட்டிக்கொண்டே காரை ஓரங்கட்டினாள்.

உடல் கல்லாய்க் குளிர்ந்திருந்தது. கால் விறைத்து, விரல் வைத்து அழுத்தினால் அழுந்தவில்லை. இவ்வளவு நேரமானதில் குட்டி எங்கே பிழைத்திருக்கும் என்று நினைத்தபடியே பைக்குள் கையை விட்டாள். உள்ளே சூடாக இருந்தது. செத்த உடம்பின் நடுவில் அந்த ஒரு இடம் மட்டும் இப்போதுதான் யாரோ எழுந்து போன படுக்கையாக வெதுவெதுத்தது. இன்னும் ஆழமாகத் துழாவினாள். மயிரில்லாத, வழுவழுப்பான, சின்னதான ஒன்று விரலில் பட்டது. பட்டதும் அவள் விரல்நுனியைக் கவ்வி உறிஞ்சத் தொடங்கியது.

கவ்வியிருந்தால் இழுக்கக் கூடாது. அது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விதி. இழுத்தால் வாய் கிழிந்து செத்துவிடும். அது தானாக விடும்வரை மழையில் மண்டியிட்டுக் காத்திருந்தாள். விட்டதும் மகள் ஹேட்டியின் கம்பளிக் குல்லாயில் அதைப் பொதிந்து, ஸ்வெட்டருக்குள் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். வழி நெடுக அது உதைத்துக்கொண்டே வந்தது. ஹேட்டி வயிற்றில் இருந்தபோது உதைத்ததை நினைத்து அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

தாயில்லாக் குட்டிகளை எடுத்து வளர்க்கும் லினெட்டின் வீட்டு வாசலில் கார் நின்றது. ஸ்வெட்டரைத் தூக்கிக் குல்லாயை எடுத்துப் பிரித்தால், உள்ளே ஒன்றுமில்லை. குல்லாய் மட்டும் சூடாக இருந்தது.

லினெட்டும் அவளும் டார்ச் அடித்து சீட்டுக்கு அடியில், மிதியடிக்கு அடியில், பின்கதவைத் தூக்கி உதிரிச் சக்கரத்துக்கு அடியில்கூடத் தேடினார்கள். அந்தக் காரில் டிக்கி என்று தனியாக ஒன்று கிடையாது. பின்கதவைத் தூக்கினால் முன்கண்ணாடி வரை எல்லாம் ஒரே பை. ஒளிய இடமேது?

"எந்த வளைவுலம்மா எடுத்த?" என்று கேட்டாள் லினெட், முழங்கால் சேற்றைத் துடைத்துக்கொண்டு.

"பைன் மரம் இருக்கே, அங்க."

"அதுக்கு நான் வியாழக்கிழமையே பெயின்ட் அடிச்சுட்டேனே! கையை விட்டு நல்லாத் துழாவிட்டேன், காலிப் பை. நீ வேற எதையாவது பார்த்திருப்ப."

பையைப் பார்த்தாயிற்று, உள்ளே குட்டி இல்லை, வருகிறவர்கள் நிற்க வேண்டாம் என்பதற்கு லினெட் செத்த உடலின்மேல் இளஞ்சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். வேறொன்றாகத்தான் இருக்கும் என்று ப்ரான்வினும் ஒப்புக்கொண்டாள். மறுநாள் காலை, உள்ளே வியர்த்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போகும்போது வளைவில் வேகத்தைக் குறைத்தாள். அங்கே ஒரே ஒரு வாலபிதான் கிடந்தது. வயிறு உப்பி, காக்கை கொத்திய கண்ணோடு. அதன்மேல் மழையில் வெளுத்த இளஞ்சிவப்புக் குறி இருந்தது. யாரோ ஒருவர் பார்த்து, காலி என்று எழுதிவைத்த பைக்குள், அதற்குப் பிறகு எது போய்ப் படுத்திருந்தது?

அந்தக் கேள்வியை அவள் கேட்டுக்கொண்டது அந்த ஒரு காலைதான். பிறகு வேலை, சம்பளம், பிள்ளைக்குச் சளி என்று வாழ்க்கை இழுத்துக்கொண்டு போனது. கார் இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது, இந்தக் காரோ ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

குறை என்று சொன்னால் சின்னச் சின்னதாகத்தான் இருந்தன. புளித்த பாலும் நனைந்த ரோமமும் கலந்த ஒரு வாடை, எத்தனை கழுவினாலும் இரண்டே நாளில் திரும்பி வந்தது. பின்பக்கம் கிடக்கும் போர்வையில் காலைதோறும் ஒரு குழி இருந்தது. கை வைத்தால் சுட்டது. எலி என்றான் டாரில். வைத்த பொறியில் வெண்ணெய் அப்படியே உலர்ந்து கிடந்தது. காரில் எந்தப் பையை வைத்தாலும், கடைப் பையோ ஹேட்டியின் பள்ளிப் பையோ, அது நிமிர்ந்து வாய் திறந்து உட்கார்ந்திருந்தது. ஒருநாள் சாவிக்காகத் தன் கைப்பைக்குள் கைவிட்டவள், பர்ஸுக்கும் சீப்புக்கும் அடியில் அந்தச் சூட்டை உணர்ந்து கையை உருவிக்கொண்டாள். அதன் பிறகு காரில் பை எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் பெல்ட் விளக்கு தொடங்கியது. முன்னால் பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு. முதலில் பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் கண் சிமிட்டியது. பிறகு பிரேக் போட்டால். அதற்கடுத்த வருஷம் விளக்கோடு மணியும் சேர்ந்துகொண்டது. டிங், டிங், டிங். மெக்கானிக் சீட்டுக்கு அடியில் இருந்த சென்சாரை மாற்றிக் கொடுத்தான். டிங், டிங். கடைசியில் காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டிவைத்தாள். மணி நின்றது.

"யாரு உன் ஆளு?" என்று டாரில் கேலி செய்தான். "என்னைவிட அவனைத்தான் நீ பத்திரமா கூட்டிட்டுப் போற."

அவளும் சிரித்தாள். பயத்தைச் சிரித்து மூடுவது கல்யாணமான எல்லோருக்கும் கைவந்த கலைதான்.

ஒரு ஞாயிறன்று லினெட்டின் அடுக்களையில், நாற்காலி முதுகுகளில் தொங்கிய துணிப்பைகளிலிருந்து குட்டிக் காதுகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, ப்ரான்வின் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "இதுங்க எத்தனை நாளைக்குக் குட்டியாவே இருக்கும்?"

"என்னது, உனக்கும் வளர்க்கணும்னு ஆசை வந்துடுச்சா?" லினெட் புட்டியை உலுக்கினாள். "ஒரு வருஷந்தான்மா. அப்புறம் பொட்டைக்குத் தனக்கே பை வந்துடும். பை வந்துட்டா என்ன கேக்கும்? தன் குட்டியத்தான் கேக்கும். நம்மள மாதிரிதான்."

அந்த வாரமே பின்சீட்டிலிருந்து ஹேட்டி சொன்னாள், ஜன்னலில் விரலால் கோடு போட்டபடி. "அம்மா, அது பெருசாயிடுச்சு. இப்பல்லாம் என்னையே பாத்துட்டு இருக்கு."

"எதுடி?"

"முன்னாடி உக்காந்திருக்கே, அது."

அன்றிலிருந்து ஹேட்டியை அந்தக் காரில் ஏற்றுவதில்லை என்று ப்ரான்வின் முடிவு செய்தாள். காரணம் கேட்டதற்கு பிரேக் சரியில்லை என்றாள். பிரேக் சரியில்லாத காரில் பெண்டாட்டி மட்டும் போகலாமா என்று டாரில் கேட்கவில்லை. காரை விற்றுவிடலாம் என்று மட்டும் சொன்னான். அதுதான் அவளுக்கும் வேண்டியிருந்தது. வாங்குகிறவன் கதி என்ன என்று ஒரு கணம் நெஞ்சு உறுத்தியது. நாய் விற்ற காசு குரைக்காது என்று தேற்றிக்கொண்டாள். தன் பிள்ளை தப்பினால் போதும் என்று நினைப்பது பாவமென்றால், அந்தப் பாவத்துக்கு அவள் தயாராகத்தான் இருந்தாள்.

நியூ நார்ஃபோக்கில் ஒருவன் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். விற்கிற நாள் காலையில் டாரில் காரைக் கழுவித் துடைத்து, காலி சீட்டில் மாட்டியிருந்த பெல்ட்டைப் பூட்டிலிருந்து கழற்றிவிட்டான். ஹேட்டியைப் பள்ளியிலிருந்து அவன் கூட்டிக்கொண்டு, யூட்டில் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு. மழை தூற ஆரம்பித்த நேரத்தில் அவன் போன் வந்தது.

"ஊஸ் ஊர்கிட்ட டயர் வெடிச்சிடுச்சுடி. புள்ள ஸ்கூல் வாசல்ல தனியா நிக்கும், நீயே ஏத்திக்க. பிரேக்கைத்தான் சரி பண்ணியாச்சுல்ல? ஒரு தடவைதானே."

ஒரு தடவைதான். பள்ளி வாசலில் ஹேட்டி மஞ்சள் மழைக்கோட்டின் தொப்பியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நின்றாள். ப்ரான்வின் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, மாட்டியதை இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

கார் கிளம்பியதும் மணி தொடங்கியது. டிங், டிங், டிங். கையை நீட்டிப் பக்கத்து சீட்டின் பெல்ட்டை இழுத்தாள். பூட்டு வரை அது எட்டவில்லை. இத்தனை வருஷம் தளர்ந்து கிடந்த அதே பட்டை, இப்போது ஒரு ஜாண் முன்னாலேயே விறைத்து நின்றது. எதையோ சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது போல. கையை எடுத்துவிட்டாள். சீட்டைப் பார்க்கவில்லை.

பின்னால் ஹேட்டி முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தாள். வாய் திறக்காமல், மூக்கால் பாடும் பாட்டு. தூக்கம் வரும்போது அவள் அப்படித்தான். இருபக்கமும் மேய்ச்சல் நிலம் இருண்டுகொண்டு வந்தது. துடைப்பான்கள் கிறீச்சிட்டன. வாடை அடித்தது. புளித்த பால், நனைந்த ரோமம். ப்ரான்வின் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள். மழை முகத்தில் அடித்தது. டிங், டிங், டிங். பாட்டு. டிங், டிங்.

பைன் மரங்கள் வந்தன.

மணி நின்றது.

விளக்கும் அணைந்தது. பக்கத்து சீட்டு மெதுவாக, பெருமூச்சு விட்டபடி மேலே எழும்பியது. பல வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அது வெறும் சீட்டாக இருந்தது. ப்ரான்வினுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது, யாருக்கென்று தெரியவில்லை.

"ஹேட்டி, போயிடுச்சுடி," என்றாள். "பாத்தியா, போயிடுச்சு."

பாட்டும் நின்றிருந்தது.

"ஹேட்டி?"

கண்ணாடியில் பார்த்தாள். பின்சீட்டு இருட்டில் எதுவும் தெரியவில்லை. பின்பக்கக் கண்ணாடிகள் எல்லாம் உள்ளிருந்து வெள்ளையாக மூடியிருந்தன.

வண்டி எப்படி நின்றது என்று தெரியவில்லை. இறங்கினாள். ஓடினாள். பின்கதவைத் திறந்தாள்.

பெல்ட் மாட்டியபடி இருந்தது. அதற்குள் மஞ்சள் கோட் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கழுத்து வரை பித்தான் போட்டு. தொப்பி மட்டும் உள்ளே மடிந்து விழுந்திருந்தது. கைகள் தொங்கின. கீழே பூட்ஸ் இரண்டும், கட்டிய நாடா கட்டியபடி.

கோட்டைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. ஊரில் எல்லாக் கைகளுக்கும் தெரியும். கழுத்து வழியாக உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரை. முழங்கை வரை. ஆறு வயதுப் பிள்ளையின் கோட்டுக்கு அவ்வளவு ஆழம் கிடையாது. உள்ளே ஈரம். வெதுவெதுப்பு. தோலுக்கடியில் துடிப்பது போல ஒரு துடிப்பு. இன்னும் ஆழமாக. விரல்நுனியில் ஏதோ பட்டது.

சின்னது. மயிரில்லாதது. வழுவழுப்பானது.

அது அவள் விரலைக் கவ்வி உறிஞ்சத் தொடங்கியது.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், நனைந்த புல்லில் கனமான ஏதோ ஒன்று தத்தும் ஓசை கேட்டது. தொம். தொம். அவசரமில்லாமல், சுமையோடு போகும் நடை. ஒவ்வொரு தத்தலுக்கும் குலுங்கிக் குலுங்கி, உள்ளே எங்கிருந்தோ, துணியால் மூடிய வாய்போல அமுங்கி, அந்த முணுமுணுப்புப் பாட்டும் கூடவே போனது. மூக்கால் பாடும் பாட்டு. தூக்கம் வரும் குரல். இருட்டுக்குள் அது தூரமாகிக்கொண்டே போனது.

ஓட வேண்டும். ஓடுவதென்றால் கையை உருவ வேண்டும்.

விரலில் அந்த வாய், பசியோடு, நம்பிக்கையோடு, இறுக்கிப் பிடித்திருந்தது. இதுவா ஹேட்டி? அதுவா ஹேட்டி?

கவ்வியிருந்தால் இழுக்கக் கூடாது.

ப்ரான்வின் மழையில் மண்டியிட்டிருந்தாள், கோட்டுக்குள் கையை விட்டபடி, அது தானாக விடட்டும் என்று. தொம். தொம். அது விடவில்லை.